இருபது மாடும் இரண்டு கடகச் சாணமும்

எந்த வீட்டு வளவுக்குச் சென்றாலும், வாசற் படலையைத் திறப்பதற்கு முன் அதன் வேலியை வெளிப்புறமாக ஒருமுறை முழுதாகச் சுற்றிவருவது துப்பறிவாளர் அருளம்பலத்தின் மாறாத வழக்கம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் வீதியில் வலம் வருபவரைப் போல நிதானமாக நடப்பார். யாரேனும் பார்த்துவிட்டால் வானத்தை நோக்குவார். களவு போன வீடு, கலியாண வீடு என்ற பேதம் அவருக்கு இல்லை. மைத்துனர் வீட்டுக்கு மோதகம் உண்ண அழைக்கப்பட்ட அன்றும் சுற்றித்தான் உள்ளே போனார். மைத்துனர் மூன்று மாதம் அவருடன் கதைக்கவில்லை.

"வீட்டின்ரை முகத்தை எல்லாரும் கழுவி வைப்பினம். முதுகு தேய்க்கத்தான் ஆருக்கும் கை எட்டாது" என்பது அவர் கூறும் நியாயம்.

1937ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்துக் காலைப் பொழுதொன்றில், இணுவில் ஊரின் எல்லையில் இருந்த மாட்டுக் காப்பகத்தின் வேலியை அவர் அவ்வாறே சுற்றிக்கொண்டிருந்தார். அவருடைய உதவியாளன் கனிசியஸ், வேலியோர ஒழுங்கையில் நிறுத்திய தன் பழைய ஒஸ்ரின் காரின் மீது சாய்ந்து நின்றான். வாடகைக் கார் ஓட்டுவது அவன் தொழில்; வாய் ஓட்டுவது அவன் பொழுதுபோக்கு.

"அண்ணை, நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். எனக்கு உந்தச் சுத்துற பழக்கம் இல்லை. நீங்கள் மூண்டு தரம் சுத்தி எனக்கும் சேர்த்துப் புண்ணியம் வாங்குங்கோ" என்றான்.

அருளம்பலம் தொடர்ந்து நடந்தார். வளவின் பின்புறத்தில், வேலி ஓலை சற்று விலகியிருந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். உள்ளே எருக்கிடங்கு தெரிந்தது. நான்கு முழ ஆழம் இருக்கும். அதன் அடியில் அறுகம்புல் பசுமையாக முளைத்திருந்தது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வந்து காரின் அருகே நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தார்.

அக்கடிதத்தால்தான் அவர்கள் இங்கே வரநேர்ந்தது. இலங்கை முழுவதும் கைவிடப்பட்ட விலங்குகளுக்கான காப்பகங்களை ஆதரித்துவந்த சங்கம் ஒன்றின் தலைமையகம் கொழும்பில் இருந்தது. கண்டியிலும் காலியிலும் அதற்குக் கிளைகள் உண்டு. யாழ்ப்பாணக் கிளையின் பொறுப்பில், உழைத்து ஓய்ந்த வண்டில் மாடுகள் இருபத்துமூன்று இந்த இணுவில் வளவில் இருந்தன. அவற்றுள் மூன்றைக் காணவில்லை என்று கையொப்பமில்லாத கடிதம் ஒன்று கொழும்புக்குப் போயிற்று:

"ஐயா, இணுவில் காப்பகத்தில் மூன்று மாடுகளைக் காணவில்லை. ஒன்று கொம்பு முறிந்த மயிலை. ஒன்று செவி பிளந்த சிவலை. மற்றது வலக்கண் தெரியாத கறுவல். வாளியை இடப்பக்கம் வைத்து, தண்ணீரைக் கையால் அடித்துச் சத்தம் காட்டினால்தான் அது குடிக்கும். தயவுசெய்து வந்து தேடுங்கள்."

கொழும்பிலிருந்து தலைமையகத்தின் பிரதிநிதி மறுநாள் காலை ரயில் நிலையத்துக்கு வரும் கோச்சியில் வந்து இறங்கவிருந்தார். அதற்குள் உண்மை வெளிவராவிட்டால் காப்பகம் மூடப்படும். மாடுகள் ஏலத்தில் போகும். உழவுக்கும் வண்டிலுக்கும் உதவாத மாட்டை ஏலத்தில் எடுப்பவர் இறைச்சிக்கடைக்காரரைத் தவிர வேறு யார்?

அதற்கும் முன்னதாக இன்னொரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. கிளையின் செயற்குழுவில் கடிதம் வாசிக்கப்பட்டபோது முத்துக்குமாரு என்னும் உறுப்பினர் எழுந்து, "காவலுக்கு நிக்கிறது ஆர்? கலந்தர். அவன்ரை ஆக்களுக்கை இறைச்சிக்கடை வைச்சிருக்கிறவை இல்லையோ?" என்று கேட்டார். மறுத்து ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. காப்பாளர் கலந்தர் மீது பொலிசில் முறைப்பாடு செய்வதற்குச் சான்று தேடித் தரும்படியே அருளம்பலத்தை அக்குழு அமர்த்தியிருந்தது.

"ஒரு ஆளைக் கள்ளன் ஆக்கிப்போட்டுப் பேந்து களவைத் தேடச் சொல்லினம்" என்று முணுமுணுத்தபடி அவர் படலையைத் தள்ளினார்.

உள்ளே வரவேற்றவர் கிளைச் சங்கத்தின் செயலாளர் பரமலிங்கம். இணுவிலில் பெரிய புகையிலைத் தோட்டக்காரர், அறுபது வயது, நெற்றி நிறையத் திருநீறு, தோளில் கரைபோட்ட சால்வை. வாயில்லா உயிர்களைப் பற்றி அவர் மேடையில் ஒரு மணித்தியாலம் பேசினால், கேட்டுவிட்டு வீடு திரும்பும் வண்டிற்காரர் மாடு அடிக்கும் துவரங்கம்பை வேலிக்கு மேலால் எறிந்துவிடுவர் என்று ஊரில் சொல்வார்கள்.

"வாருங்கோ, வாருங்கோ. நிலத்தைப் பாத்தியளோ? இலை போட்டுச் சோறு சாப்பிடலாம். கண்டிக் கிளையிலை இருந்து வந்தவையும் இதைத்தான் சொன்னவை" என்றார் பரமலிங்கம்.

"ஓம். வெகு துப்புரவு" என்றார் அருளம்பலம். "இராவிலை மாடுகள் எங்கை?"

"இஞ்சைதான். பகலிலை வெளியிலை மேயும். பின்னேரம் ஆறு மணிக்குக் கலந்தர் கொண்டுவந்து கட்டிப்போட்டு, பூட்டிப்போட்டு, சைக்கிளிலை ரவுணுக்குப் போவான். காலமை வந்து திறப்பான்."

"பூட்டுக்குத் திறப்பு எத்தினை?"

"ரெண்டு. ஒண்டு அவனிட்டை. மற்றது என்னட்டை, சாமி அறையிலை கிடக்கு." பரமலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "நான் அவனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டன். நல்ல மனிசன் எண்டுதான் எடுத்தனான். ஆனால் மற்றவையின்ரை வாயை நான் என்னண்டு மூடுறது?"

இவ்வளவு கூறிவிட்டு, தோட்டத்தில் அலுவல் இருப்பதாகச் சொல்லி விரைந்து வெளியேறினார். விருந்தாளியை வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்காரர் ஓடுவது அருளம்பலத்துக்குப் புதுமையாக இருந்தது.

கலந்தர் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த தேகம், தலையில் வெள்ளைத் தொப்பி. கேள்விகளுக்கு விடை சொன்னாரேயன்றி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மூண்டும் ஒரே நாளிலையோ போனது?"

"இல்லை ஐயா. ஒவ்வொண்டாய். நாலைஞ்சு நாளைக்கு ஒண்டு. பின்னேரம் எண்ணிக் கட்டுவன். காலமை வந்து பாக்க ஒண்டு குறையும்."

"ஆருக்குச் சொன்னனீர்?"

"செக்கிறட்டரி ஐயாவுக்கு. 'பாப்பம்' எண்டவர்."

"இது காலமை ஒன்பது மணி. பசியோடை படலையைப் பாத்துக்கொண்டு நிக்கவேண்டிய மாடுகள். ஏன் எல்லாம் படுத்துக் கிடக்குதுகள்?"

உண்மையில் இருபது மாடுகளும், நெடுவழி நடந்து வந்த யாத்திரிகரைப் போலக் கண்ணை மூடிக் கிடந்தன. கலந்தரின் கை தொட்டியின் விளிம்பில் நின்றுவிட்டது. அவர் பரமலிங்கம் சென்ற திசையை ஒருமுறை பார்த்தார்.

"வயசு போனதுகள் ஐயா..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். பிறகு மெதுவாக, "நீங்கள்தான் பாக்கவேணும்" என்றார்.

கனிசியஸ் துப்பறிவாளரைத் தனியே இழுத்தான்.

"அண்ணை, ஆள் முகம் தராததைக் கவனிச்சியளோ? போன வெள்ளிக்கு முதல் வெள்ளி பின்னேரம் உவரை ரவுண் கோட்டடியிலை, வழக்குக்காரர் நிக்கிற இடத்திலை கண்டனான். பெட்டிசம் எழுதிறவரின்ரை மேசைக்கு முன்னாலை, ஆரும் காணாமல் ஒதுங்கி நிண்டவர். மாடு வித்த உறுதிப்பத்திரம் எழுதியிருப்பர்."

"களவெடுத்த மாட்டுக்கு உறுதி எழுதி விக்கிற முதல் கள்ளன் உவர்தான் போலை."

"அப்ப வேறை என்னத்துக்குப் போனவர்?"

அருளம்பலம் விடை கூறுமுன் படலையடியில் பெரிய ஆரவாரம் எழுந்தது. வெறும் பனையோலைக் கடகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி உள்ளே வந்தாள். சாணத்தை வறட்டி தட்டி விற்றுச் சீவிக்கும் நல்லம்மா அவள்.

"ஆர் இஞ்சை விசாரணைக்கு வந்த பெரியவர்? நீங்களோ? அப்ப என்ரை முறைப்பாட்டையும் எழுதுங்கோ! உந்தக் கலந்தர் என்ரை சாணியை வேறை ஆருக்கோ குடுக்கிறார்!"

"அல்லா! நான் ஆருக்கும் குடுக்கேல்லை நல்லம்மா அக்கா" என்றார் கலந்தர்.

"குடுக்காமல் எங்கை போகுது? ஆவணி நடு வரைக்கும் காலமையிலை பன்னிரண்டு கடகம் அள்ளினனான். இப்ப இருபது மாட்டுக்கு ரெண்டு கடகம்! ரெண்டே ரெண்டு! எனக்கு முந்தி ஆரோ ஒருத்தி வந்து வாரிக்கொண்டு போறாள். இவருக்கு அவளிலை ஒரு இது!"

"சாணி குடுத்து மனசைப் பிடிக்கிற ஆம்பிளையை நான் எந்த ஊரிலையும் காணேல்லை அக்கா" என்றான் கனிசியஸ்.

"நீ வாயைப் பொத்து, கார்க்காரா! உன்ரை கார் போடுற புகையிலை ஒரு வறட்டியும் தட்டேலாது!"

அருளம்பலம் மாத்திரம் சிரிக்கவில்லை. "பன்னிரண்டு கடகமும் காலமையிலையோ அக்கா? பின்னேரம் இல்லையோ?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"பகலிலை மாடுகள் மேயிற வெளியிலை போட்டிடும். இராவிலை போடுறதுதானே எனக்கு."

அவர் கைகூப்பி அவளை வணங்காத குறை. "கனிசியஸ், காரை எடு."

"எங்கை அண்ணை?"

"பத்துக் கடகம் சாணி எங்கையோ போகுது. அதைத் தேடுவம்."

"என்ரை ஆத்தை! சங்கிலி தேடினனாங்கள், சாட்சி தேடினனாங்கள். கடைசியிலை இந்த நிலைமைக்கு வந்திட்டமே!" கனிசியஸ் காரின் முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுழற்றினான். நான்காம் சுழற்சியில் கார் இருமியது. "எங்கடை ஒஸ்ரினுக்கும் வயசு போட்டுது. உந்தச் சங்கத்திலை இவருக்கும் ஒரு கட்டுக்கயிறு கேட்டுப் பாருங்கோ."

கார் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஊர்ந்தது. அருளம்பலம் வெளியே பார்த்தபடி பேசினார்.

"நல்லம்மா சொன்னதை வடிவாய் யோசி. சாணியை ஒருத்தரும் களவெடுக்கேல்லை. எருக்கிடங்குக்குள்ளை புல்லு முளைச்சிருக்கு, அங்கையும் போகேல்லை. அப்ப இராவிலை அந்த மாடுகள் அங்கை இல்லை. அதுதான் காலமையிலை கிடந்து நித்திரை கொள்ளுதுகள்."

"இருபது கிழட்டு மாட்டை இராவிலை கூட்டிக்கொண்டு போய் என்ன செய்யிறது? உழவும் ஏலாது, இழுக்கவும் ஏலாது."

"புரட்டாதியிலை தோட்டக்காரனுக்கு மாடு என்னத்துக்கு?"

கனிசியஸ் விசில் அடித்தான். யாழ்ப்பாணத் தோட்டக்காரர் எல்லாரும் அறிந்த வழக்கம் அது. புகையிலை நடுவதற்கு முன், வெறுமையாகக் கிடக்கும் தோட்ட நிலமாகிய தறையில் இரவுதோறும் மாட்டுப் பட்டி அடைப்பார்கள். மாடுகள் அங்கே படுத்து எழும். விழுகின்ற சாணமும் சலமும் அப்படியே மண்ணில் ஊறும். மறுநாள் மாடு கட்டிய முளைகளைப் பிடுங்கி நான்கடி தள்ளி அடிப்பார்கள். இவ்விதம் ஒரு மாதத்தில் தறை முழுதும் எருப்பட்டுவிடும். வழக்கமாகப் பட்டி மாடுகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். இவ்வாண்டு கோமாரி நோயைக் கண்டு பயந்து ஒருவரும் வரவில்லை. பண்டத்தரிப்பு ஊர் வரையில் தோட்டக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தனர்.

"படுத்துக் கிடக்கிறதுக்குப் பல்லும் வேண்டாம், பலமும் வேண்டாம்" என்றார் அருளம்பலம். "அந்த வேலைக்குக் கிழட்டு மாடும் ஒண்டுதான், இளம் மாடும் ஒண்டுதான்."

ஐந்து தறைகள் வெளிறிய செம்மண்ணாய்க் கிடந்தன. ஆறாவது தறை, காப்பகத்திலிருந்து ஒரு மைல் தொலைவில் இருந்தது. அதன் முக்காற் பங்கு கறுத்துச் செழித்திருந்தது. கடைசி ஓரத்தில் மரமுளைகள் வரிசையாக நின்றன. கனிசியஸ் இறங்கி எண்ணினான்.

"இருபது, அண்ணை. கச்சிதமாய் இருபது." அவன் முகத்தில் விளையாட்டு மறைந்தது. "இது ஆரின்ரை தறை எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"பரமலிங்கத்தாரின்ரை."

அப்பொழுது தறைக்கு அப்பால், பனைகளின் கீழ் இருந்த ஓலைக் கொட்டிலுக்குள் ஒரு குரல் கேட்டது. இருவரும் அடிமேல் அடிவைத்து நெருங்கினர்.

"இண்டைக்கும் மறுத்தியெண்டால் நீ தப்பமாட்டாய்" என்றது அந்தக் குரல். "நாளைக்கு எல்லாம் முடிஞ்சிடும். நான் சொல்லுறதைக் கேள்."

கனிசியஸ் துப்பறிவாளரின் காதருகே, "கொலை" என்று உதடு அசைத்தான். அருளம்பலம் ஓலைத் தட்டியைச் சட்டென்று விலக்கினார்.

உள்ளே பரமலிங்கம் மண்ணில் முழந்தாளிட்டிருந்தார். கரைச்சால்வை வைக்கோலில் கிடந்தது. அவர் முன்னே எலும்பும் தோலுமான கறுப்பு எருது ஒன்று. அதன் முகத்துக்கு நேரே ஒரு வாளி தண்ணீர். பின்னால் கொம்பு முறிந்த மயிலையும், செவி பிளந்த சிவலையும் படுத்திருந்தன. இரண்டின் கால்களிலும் எண்ணெய்ச் சீலை சுற்றியிருந்தது.

பரமலிங்கம் எழ முயன்று, முடியாமல், அப்படியே நிலத்தில் அமர்ந்தார்.

"நான் விக்கேல்லை" என்றார். "ஒண்டையும் விக்கேல்லை. அடிக்கேல்லை, பட்டினி போடேல்லை. மாடு எங்கையோ ஒரு இடத்திலை படுக்கத்தானே வேணும்? என்ரை தறையிலை படுத்தால் ஆருக்கு என்ன நட்டம் எண்டு நினைச்சன். முன்னாலை ஒண்டைப் பிடிச்சால் மற்றதுகள் பேசாமல் பின்னாலை வரும். விடியமுந்திக் கொண்டுபோய் விட்டிடுவன்."

"போக ஒரு மைல், வர ஒரு மைல். இதுகளின்ரை காலுக்கு" என்றார் அருளம்பலம்.

"ஓம். மயிலைக்குக் குளம்பு பிளந்தது. பேந்து சிவலைக்கு. கறுவல் பள்ளத்திலை இடறி விழுந்தது. நொண்டிக்கொண்டு போனால் கலந்தர் கண்டு கேப்பான் எண்டு இஞ்சை வைச்சன். சுகமான உடனை விட்டிடலாம் எண்டு..."

"அதுக்குள்ளை கடிதம் கொழும்புக்குப் போட்டுது."

"போட்டுது."

"செயற்குழுவிலை முத்துக்குமாரு கலந்தரைச் சொல்லேக்கை, மூண்டு மாடும் இஞ்சை நிக்குது எண்டு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கள்."

பரமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "வாய் திறக்க நினைச்சன். எல்லாரும் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தவை. அந்த ஒரு நிமிசம் போட்டுது. பேந்து சொல்லேலாமல் போச்சு." அவர் எருதின் கழுத்தைத் தடவினார். "இதைப் பாருங்கோ. பத்து நாளாய் வாய் நனைக்கிற அளவுக்குத்தான் குடிக்குது. மருந்து குடுத்தன், வெல்லம் கரைச்சுப் பாத்தன். சாகப்போகுது போலை."

அருளம்பலம் வாளியைத் தூக்கினார். எருதின் இடப்பக்கமாக வைத்தார். கையை நனைத்து, தண்ணீரின் மேல் இரண்டு முறை ஓங்கி அடித்தார். எருதின் காது திரும்பியது. கழுத்து மெல்லத் தாழ்ந்தது. வாளியின் அடி தெரியும்வரை அது மூச்சு விடாமல் உறிஞ்சியது.

பரமலிங்கம் வாய் பிளந்தார். "உங்களுக்கு... எப்பிடித் தெரியும்?"

"கடிதத்திலை கிடக்கு. நீங்கள்தானே குழுவிலை வாசிச்சனீங்கள்."

"வாசிச்சன். ஆனால்..."

"எல்லாரும் வாசிச்சினம். காணாமல் போன மாட்டைப் பற்றி எழுதியிருந்தது. நீங்கள் எல்லாரும் கள்ளனைப் பற்றி வாசிச்சியள். இருபது வருசம் அரசாங்கக் கச்சேரியிலை மொட்டைக் கடிதம் படிக்கிறதுதான் என்ரை உத்தியோகமாய் இருந்தது. ஒருத்தனை மாட்டிவிட எழுதிறவன் அவன்ரை பேரைப் போடாமல் விடமாட்டான். இதிலை ஒரு பேரும் இல்லை. ஒரு குருட்டு மாட்டுக்கு எப்பிடித் தண்ணி வைக்கிறது எண்டது மட்டும் இருக்கு, வேறை ஆரும் கண்டுபிடிச்சால் அது தாகத்திலை சாகக்கூடாது எண்டு. அப்பிடி எழுத ஆராலை ஏலும்? நாளும் பொழுதும் அதுக்குத் தண்ணி வைச்ச ஒரு ஆளாலைதான்."

கனிசியஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "கோட்டடி! உறுதி எழுதப் போகேல்லை, பெட்டிசம் எழுதப் போனவர்!"

"ஓம். நீ சரியாய்த்தான் பாத்தனி. கதையைத்தான் பிழையாய்க் கட்டினனி. போய் அவரைக் கூட்டிக்கொண்டு வா."

கார் புறப்பட்டபின் பரமலிங்கம் துப்பறிவாளரிடம் திரும்பினார். "என்னைப் பற்றி என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டார்.

"கதை ஒண்டு சொல்லட்டோ?" என்றார் அருளம்பலம். "ஒரு தோப்பிலை பெரிய மரம் ஒண்டு உள்ளுக்குக் கோறையாய்ப் போச்சுதாம். வெளியிலை பச்சைப் பசேல் எண்டு இலை. ஒரு மரங்கொத்தி வந்து தட்டிப் பாத்திட்டு, 'ஐயோ, இஞ்சை ஒரு மரம் கோறை, கவனியுங்கோ' எண்டு கத்திச்சுதாம். தோப்பு முழுக்கக் கூடி, 'மரத்தைக் கொத்துற சாதி நீதானே, ஓட்டை போட்டது நீதான்' எண்டு மரங்கொத்தியைக் கலைச்சுதாம். அந்த நேரம் பெரிய மரமும் மற்ற மரங்களோடை சேர்ந்து தலையை ஆட்டிச்சுதாம்."

பரமலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

கலந்தர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார். மனிதர் ஒருவரையும் அவர் பார்க்கவில்லை. நேரே எருதிடம் போனார். அவருடைய காலடி கேட்டதுமே கறுவல் எழுந்து நின்றுவிட்டது. அவர் அதன் விலாவைத் தொட்டு, மெலிவை அளந்து, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"கடிதம் நீர் எழுதினதோ?" என்றார் பரமலிங்கம்.

"ஓம் ஐயா. நான் சொல்லச் சொல்லப் பெட்டிசக்காரர் எழுதினவர்."

"நான்தான் கொண்டுபோறன் எண்டு தெரிஞ்சு?"

"பூட்டு உடையேல்லை. திறப்பு ரெண்டுதான்."

"அப்ப ஏன் என்ரை பேரைப் போடேல்லை?"

கலந்தர் முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். "உங்கடை பேரை நான் சொன்னால் ஆர் ஐயா நம்புவினம்? எனக்கு வேலை தந்தது நீங்கள். மாட்டைக் காணேல்லை எண்டு எழுதினால் மாட்டைத் தேடுவினம் எண்டு நினைச்சன். என்னைத் தேடுவினம் எண்டு நினைக்கேல்லை. இப்ப எங்கடை தெருவிலையும் கேக்கினம், 'எந்தக் கடைக்குக் குடுத்தனி?' எண்டு."

கொட்டிலுக்குள் மயிலை ஒருமுறை பெருமூச்சு விட்டது.

பரமலிங்கம் எழுந்தார். வைக்கோலில் கிடந்த சால்வையை எடுத்தார், தோளில் போடவில்லை. மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பவரைப் போலக் கலந்தரின் முன்னே நின்றார்.

"கலந்தர், நான் செய்தது பெரிய பிழை. மாட்டைக் கொண்டு வந்ததிலும் பாக்க, அண்டைக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது. நாளைக்குக் கோச்சியாலை இறங்கேக்கை கொழும்பாருக்கு நானே சொல்லுறன். என்ரை பதவி போகட்டும். காப்பகம் நிக்கவேணும், நீரும் நிக்கவேணும். அதுக்கு முந்தி, அண்டைக்குக் குழுவிலை இருந்த ஆறு பேரின்ரை வீட்டுக்கும் இண்டைக்கே போறன். பேந்து உங்கடை தெருவுக்கும் வாறன். நீரும் என்னோடை வாரும்."

"நான் வரேல்லை ஐயா" என்றார் கலந்தர். "நான் பக்கத்திலை நிண்டால், நான் சொல்லச் சொல்லிச் சொல்லுறியள் எண்டு நினைப்பினம். நீங்கள் தனியப் போய்ச் சொல்லுங்கோ. எனக்கு இஞ்சை வேலை கிடக்கு." பிறகு சற்றுத் தணிந்த குரலில், "எங்கடை தெருவுக்கு வாறதெண்டால் நாளைக்குப் பின்னேரம் வாருங்கோ. அப்பதான் எல்லாரும் நிப்பினம்" என்றார்.

அன்று பிற்பகல் நான்கு மணிக்கு, வெயில் சாயத் தொடங்கிய ஒழுங்கையில் பரமலிங்கம் நடந்துகொண்டிருந்தார். கனிசியஸ் காரை அவர் பக்கத்தில் நிறுத்தினான்.

"ஏறுங்கோ ஐயா. ஆறு வீடும் ஒரு மணித்தியாலத்திலை முடிச்சிடலாம். நீங்கள் சொல்லி முடியுமட்டும் எஞ்சினை நிப்பாட்டமாட்டன்; நிப்பாட்டினால் பேந்து நீங்கள்தான் தள்ளவேணும்."

"வேண்டாம் தம்பி, நடக்கிறன்."

முதல் வீடு முத்துக்குமாருவுடையது. படலைக்குள் அவர் நுழைந்ததும், ஓலை வேலிக்கு அப்பால் பேச்சு நின்றது. காரில் இருந்த இருவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மாட்டைக் கொண்டுபோனவர் யார், எதற்காக, எத்தனை இரவுகள், கடிதம் எழுதியவர் யார், குழுவில் தாம் ஏன் பேசாதிருந்தார் என்பவற்றை அவர் ஒன்றும் விடாமல் சொன்னார்.

"அப்ப... நான் கலந்தரைப் பற்றிச் சொன்னது..." என்று முத்துக்குமாருவின் குரல் தடுமாறியது.

"நீர் சொன்னீர். பொய்யெண்டு தெரிஞ்சு நான் கேட்டுக்கொண்டு இருந்தனான். என்ரை பிழைதான் பெரிசு."

"சரி, சரி. உள்ளுக்கு வாருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறுதலாய்க் கதைப்பம். இது எங்களுக்குள்ளை இருக்கட்டும், ஏன் ஊருக்கு..."

"எங்களுக்குள்ளை இருந்ததாலைதான் இவ்வளவும் வந்தது, முத்துக்குமாரு. இன்னும் ஐஞ்சு வீடு கிடக்கு."

அவர் வெளியே வந்து படலையைச் சாத்தினார். முகம் வெளிறியிருந்தது, நடை மாத்திரம் முன்னதைவிட விரைவாக இருந்தது. அடுத்த வீட்டுப் படலையை அடைந்தபோது அவர் உள்ளே போகவில்லை. ஒழுங்கையின் நடுவில் நின்று, வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி அழைத்தார். இரு பக்க வேலிகளுக்கு மேலாலும் தலைகள் எழும்பின. அத்தனை பேருக்கும் கேட்கும்படியாக, மேடையில் பேசிப் பழகிய அந்தக் குரலில், "மாட்டைக் கொண்டுபோனது நான்" என்று அவர் தொடங்கினார்.